மடித்தால் இடமுண்டு
சக்கர நாற்காலியைச் சிறிய காரிலும் ஓட்டோவிலும் ஏற்றும் முறை

"ஆளை ஏற்றலாம். நாற்காலிக்கு இடமில்லை." சக்கர நாற்காலியில் வாழும் ஒருவருக்காக வாடகை வாகனம் தேடும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் பதில் இதுதான். கலஹாவிலிருந்து பேராதனை வைத்தியசாலைக்கு கிளினிக் போகும் நாளிலும் இதே பதில். மழை விடாமல் கொட்டி, வீட்டை விட்டு வெளியேறச் சொல்லும் இரவிலும் இதே பதில்.

அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு நாற்காலியை வாசலில் விட்டுவிட்டுப் போனால் என்ன நடக்கிறது? போய்ச் சேர்ந்த இடத்தில் அவர் பாயில் கிடக்கிறார். மலசலகூடத்துக்குப் போக இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது. பிறருக்குத் தொல்லை கொடுக்கக் கூடாதென்று அவர் தண்ணீர் குடிப்பதையும் உண்பதையும் குறைத்துக்கொள்கிறார். அசையாமல் கிடப்பதால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் தொடங்குகிறது. உணர்வில்லாத உடம்பில் புண் வலிக்காது. கண்ணில் படும்போது அது ஆழமாகிவிட்டிருக்கும். நேற்றுவரை முற்றத்தில் இருந்து விதை தெரிந்தவர், கோழிக்குத் தீன் போட்டவர், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், ஒரே இரவில் முழு நோயாளி ஆகிவிடுகிறார்.

ஆகவே இடம்பெயர்ந்த குடும்பங்களும், இடம்பெயர நேரிடலாம் என்ற நிலையில் உள்ள குடும்பங்களும் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். நாற்காலி வீட்டுச் சாமானோடு சேர்ந்ததல்ல, ஆளோடு சேர்ந்தது. ஆள் ஏறும் வாகனத்திலேயே அதுவும் ஏற வேண்டும். பெரும்பாலான நேரங்களில் அது முடியும். முறை தெரியாததால்தான் இடமில்லை என்று தோன்றுகிறது.

மடக்கு நாற்காலி காருக்காகவே பிறந்தது

இன்று நாம் காணும் மடக்குச் சக்கர நாற்காலியின் ஆசனத்துக்குக் கீழே குனிந்து பாருங்கள். இரண்டு இரும்புக் குழாய்கள் பெருக்கல் குறி போல ஒன்றையொன்று வெட்டி நிற்கும். நடுவில் ஒரு போல்ட் அவற்றை இணைக்கும். கத்தரிக்கோல் போல இந்தக் குழாய்கள் நிமிரும்போது இரண்டு பக்கங்களும் நெருங்கி வருகின்றன. சாயும்போது விரிகின்றன.

இந்த அமைப்பு அமெரிக்காவில் உருவானது. ஹேர்பேட் எவரெஸ்ட் என்ற பொறியியலாளர் சுரங்க விபத்தொன்றில் முதுகெலும்பு முறிந்து நடக்க முடியாதவரானார். அக்காலத்து நாற்காலிகள் பாரமானவை, மடிக்க முடியாதவை. காரில் ஏற்றிச் செல்லக்கூடிய நாற்காலி வேண்டுமென்று அவரும் அவருடைய நண்பரான பொறியியலாளர் ஹரி ஜெனிங்ஸும் முயன்று, 1933இல் இரும்புக் குழாயாலான மடக்கு நாற்காலியைச் செய்தார்கள். பின்னர் உலகெங்கும் பரவியது அதே அமைப்புத்தான். நாற்காலியைக் காருக்குள் வைக்கக் கேட்கும்போது நாம் சாரதியிடம் சலுகை எதுவும் கேட்கவில்லை. அந்த நாற்காலி எதற்காகச் செய்யப்பட்டதோ, அதையே செய்கிறோம்.

மூன்று முடிச்சுக் கயிறு

முதல் வேலை அளவெடுப்பது. அளவு நாடா இல்லையென்றால் தும்புக் கயிறு போதும்.

வைத்தியசாலைகளில் பொதுவாகக் கிடைக்கும் பெரியவர்களுக்கான நாற்காலியின் அளவுகள் ஏறக்குறைய இப்படி இருக்கும். பின் சில்லு 24 அங்குலம். தரையிலிருந்து தள்ளும் கைப்பிடி வரை உயரம் சுமார் 36 அங்குலம். கால் மிதியோடு நீளம் சுமார் 42 அங்குலம். விரித்த அகலம் சுமார் 25 அங்குலம், மடித்த அகலம் சுமார் 12 அங்குலம். நிறை 15 முதல் 20 கிலோ வரை.

கால் மிதிகளைக் கழற்றினால் நீளம் 42இலிருந்து ஏறக்குறைய 32 அங்குலமாகக் குறையும். காருக்குள் போகுமா போகாதா என்பதைப் பல வேளைகளில் தீர்மானிப்பது இந்தப் பத்து அங்குலந்தான்.

உங்கள் நாற்காலியை மடித்து, கால் மிதியைக் கழற்றி, உயரம், நீளம், மடித்த அகலம் ஆகிய மூன்றையும் ஒரே கயிற்றில் மூன்று முடிச்சாகப் போட்டுக்கொள்ளுங்கள். வாகனம் பேசப் போகிறவர் அந்தக் கயிற்றை மட்டும் கொண்டுபோனால் போதும். டிக்கியின் வாய், உள் ஆழம், பின் கதவின் அகலம், முன் ஆசனத்துக்கும் பின் ஆசனத்துக்கும் இடையிலுள்ள வெளி ஆகியவற்றில் கயிற்றைப் பிடித்துப் பார்த்தால் வழி தெரிந்துவிடும். சாரதியோடு வாக்குவாதம் தேவைப்படாது.

கணக்கு சொல்வது என்ன?

32, 36, 12 அங்குலம் என்ற அளவுள்ள ஒரு பெட்டியின் கொள்ளளவு சுமார் 226 லீற்றர். நமது வீதிகளில் அதிகம் ஓடும் சுசுகி ஓல்டோ 800 காரின் டிக்கி, பின் ஆசனம் நிமிர்ந்திருக்கும்போது, 177 லீற்றர் மட்டுமே. ஆகவே இத்தகைய காரின் டிக்கிக்குள் மட்டும் நாற்காலியைத் திணித்து மூட முயல்வது வீண் வேலை. கதவு வளையும், நாற்காலியின் கம்பி வளையும், சாரதியின் முகமும் மாறும். இடத்தை வேறு விதமாகத் தேட வேண்டும். அதற்கு நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, பின் ஆசனத்தை மடிப்பது. பின் ஆசனத்தின் முதுகைச் சாய்த்தால் டிக்கியும் ஆசனமும் ஒரே தளமாகிவிடும். நாற்காலியைப் படுக்க வைத்துத் தள்ளலாம். நோயாளி முன் ஆசனத்தில் இருப்பார். பின் ஆசனம் ஒரே துண்டாக மடியும் கார்களில் உதவியாளருக்கு இடமிராது என்பதே இதன் குறை. வேகன்-ஆர் போன்ற கார்களில் பின் ஆசனம் பாதி பாதியாக மடியும். ஒரு பாதியில் நாற்காலியும் மறு பாதியில் உதவியாளரும் போகலாம். கூரை உயரமாக இருப்பது மேலும் வசதி.

இரண்டாவது, முன் ஆசனத்துக்குப் பின்னால் கால் வைக்கும் வெளியில் நாற்காலியை நிறுத்துவது. மடித்த அகலம் 12 அங்குலம் என்பதால் பல கார்களில் இது முடியும். பின் கதவைத் திறந்து, பெரிய சில்லு முதலில் போகுமாறு, கைப்பிடியைச் சற்றுச் சாய்த்து உள்ளே விட வேண்டும். நாற்காலி காரின் குறுக்காக நிற்கும். சாரதியின் ஆசனத்துக்குப் பின்பக்கமாக அதை ஒதுக்கினால் மறு ஓரத்தில் ஒருவர் ஒடுங்கி உட்காரலாம்.

மூன்றாவது, டிக்கியின் மேல் தட்டைக் கழற்றிவிட்டு நாற்காலியை நிறுத்தி வைப்பது. முதுகுச் சாய்வு பாதியில் மடியும் நாற்காலிகளுக்கு இது பொருந்தும். உங்கள் நாற்காலியின் முதுகுக் குழாயில் மூட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது, பெரிய சில்லுகளைக் கழற்றுவது. சில நாற்காலிகளில் சில்லின் நடுவே ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் சில்லு கையோடு வந்துவிடும். அப்படியானால் எந்தச் சிறிய காரும் போதும். சில்லு நட்டினால் இறுக்கப்பட்ட நாற்காலியானால் வீதியோரத்தில் கழற்ற வேண்டாம். நட்டும் வாஷரும் புல்லுக்குள் தொலைந்தால் அன்றைய பயணமே கெட்டுவிடும்.

நானோ காரைப் பற்றி ஒரு சொல். அதன் ஆரம்ப வகையில் பின் கதவு வெளியிலிருந்து திறக்காது. பின் ஆசனத்தை மடித்து உள்ளிருந்துதான் சாமான் வைக்க வேண்டும். வாகனம் பேசும்போதே எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆள் முதலில், நாற்காலி பிறகு

1. வாகனத்தை இயன்றவரை சமதரையில் நிறுத்தச் சொல்லுங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் நமது மலைப் பக்கத்தில்தான் இருக்கிறது. தேயிலைக்கு நல்ல சரிவு, சக்கரத்துக்குப் பகை. சமதரை கிடைக்காவிட்டால் சில்லுகளுக்குக் கல் அணை கொடுங்கள்.

2. முன் ஆசனத்தை முழுவதும் பின்னுக்குத் தள்ளி, கதவை அகலத் திறந்து, நாற்காலியை ஆசனத்துக்குச் சற்றுச் சாய்வாக அருகே கொண்டுவாருங்கள். இரண்டு பிரேக்கையும் போடுங்கள்.

3. பாதங்களைத் தரையில் வைத்து, கால் மிதிகளை அகற்றுங்கள். கால் மிதியில் நிற்க வைத்தால் நாற்காலி முன்னால் குடைசாயும்.

4. முதலில் இடுப்பு, பிறகு தலை, கடைசியாகக் கால்கள் என்ற வரிசையில் உள்ளே கொண்டு செல்லுங்கள். தலை கூரையில் இடிபடாமல் ஒரு கை காவலாக இருக்கட்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது தோள் மூட்டைக் கெடுக்கும். இடுப்புப் பட்டியையோ, இடுப்பைச் சுற்றிக் கட்டிய தடித்த துணியையோ பிடியுங்கள். கையில் பலம் உள்ளவருக்கு, நாற்காலிக்கும் ஆசனத்துக்கும் இடையே பாலமாக வைக்க நன்றாகச் சீவி மழமழப்பாக்கிய பலகைத் துண்டு பேருதவி. அவர் தாமாகவே சறுக்கி ஏறிவிடுவார்.

5. நாற்காலி மெத்தையை டிக்கியில் போட வேண்டாம். உணர்வில்லாத உடம்பு உள்ளவர் அதன் மேலேயே உட்கார்ந்து வர வேண்டும். வழியில் கால் மணிக்கு ஒருமுறை உடம்பைச் சற்று உயர்த்தியோ சாய்த்தோ இடுப்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். சூடான இரும்பு காலில் படுகிறதா என்று உதவியாளர் பார்க்க வேண்டும். சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

மடித்தலும் தூக்கலும்

ஆசனக் கன்வஸின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் நடுவாகப் பிடித்து நேரே மேலே இழுத்தால் நாற்காலி தானாக மடியும். பக்கவாட்டில் அமுக்கி மடிக்க முயன்றால் குறுக்குக் குழாய் கோணும். மடித்தபின் பழைய சைக்கிள் டியூப் துண்டால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்டுங்கள். தூக்கும்போது விரிந்து கையை நெரிக்கும் ஆபத்து அதனால் நீங்கும்.

இருவர் தூக்கினால் ஒருவர் கைப்பிடிப் பக்கமும் மற்றவர் முன் குழாயையும் பிடிக்கலாம். சில்லையும் கைதாங்கியையும் பிடிக்கக் கூடாது. சில்லு சுழலும், கைதாங்கி கழன்று வரும். முழங்காலை மடித்துக் குந்தி, நாற்காலியை உடம்போடு அணைத்து எழ வேண்டும். நெல் மூட்டை தூக்கிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

ஒருவர் மட்டும் இருந்தால் முழுப் பாரத்தையும் தூக்கத் தேவையில்லை. பம்பரின் மேல் ஒரு சாக்கை மடித்துப் போடுங்கள். நாற்காலியின் பிரேக்கைத் தளர்த்தி, பெரிய சில்லுகளைப் பம்பரோடு அணைத்து, முன் குழாயைப் பிடித்து உயர்த்தினால் சில்லு உருண்டு மேலேறும். பாதிப் பாரத்தைக் கார் தாங்கிக்கொள்ளும். உள்ளே போனதும் பிரேக்கைப் போட்டுவிடுங்கள். படுக்க வைத்த நாற்காலியின் மேல் அரிசி மூட்டையோ பெட்டியோ ஏற்ற வேண்டாம். ஒரு ஸ்போக்ஸ் கம்பி வளைந்தால் சில்லு முழுவதும் ஆடும்.

காருக்குள் வைக்கும் நாற்காலியைச் சும்மா விடக் கூடாது. ஹிந்தகலப் பக்கம் இறங்கும் வளைவுகளில் திடீரென்று பிரேக் போட்டால் 18 கிலோ இரும்பு முன்னால் இருப்பவரின் கழுத்தில் வந்து விழும். ஆசனப் பட்டியை அதன் குழாய்க்குள் செலுத்திப் பூட்டுங்கள், அல்லது கயிற்றால் கட்டுங்கள்.

டிக்கி மூடாமல் கட்டிக்கொண்டு போவது கடைசி வழி. அவ்வாறு போக நேர்ந்தால் நாற்காலியின் குழாயையும் காரின் கொக்கியையும் சேர்த்து இரு இடத்தில் கட்டுங்கள். இலக்கத் தகடும் பின் விளக்கும் மறையக் கூடாது. சிவப்புத் துணி ஒன்று தொங்கட்டும். முக்கியமாக, முன் கண்ணாடிகளைத் திறந்து வையுங்கள். திறந்த டிக்கி வழியாகப் புகைக்குழாயின் நச்சு வாயு உள்ளே வரும். அதற்கு மணமில்லாமலும் இருக்கலாம். தலைவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே வண்டியை நிறுத்தி எல்லோரும் வெளியே காற்றுக்கு வர வேண்டும்.

ஓட்டோவில்

தோட்டப் பாதைகளில் கார் ஏறாத இடத்துக்கும் ஓட்டோ ஏறும். பலருக்குக் கைக்கெட்டும் வாகனம் அதுவே. இங்கும் ஆள் முதலில் ஏற வேண்டும். மடித்த நாற்காலியைச் சாரதிக்கும் பயணிக்கும் இடையிலுள்ள வெளியில் குறுக்காக நிறுத்தி, சாரதியின் பின்னாலுள்ள கம்பியோடு இரு இடத்தில் கட்டுங்கள். சில்லோ கைப்பிடியோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒடுங்கிய வீதியில் எதிரே லொறி வந்தால் முதலில் படுவது அதுதான். நாற்காலியைக் கூரையில் வைப்பதும், பக்கத்தில் தொங்கவிடுவதும் வேண்டாம்.

ஓட்டோவில் உடம்பைத் தாங்கக் கதவோ பட்டியோ இல்லை. இடுப்புக்குக் கீழ் பலமில்லாதவர் வளைவில் சரிவார். உதவியாளர் திறந்த பக்கத்தில் அமர்ந்து, அவரை உள்பக்கமாக இருத்திக்கொள்ள வேண்டும்.

இறங்கும் இடத்தில்

நாற்காலியை முதலில் இறக்கி விரியுங்கள். ஆள் பிறகு இறங்கலாம். விரிக்கும்போது உள்ளங்கையால் ஆசனக் குழாய்களை அமுக்குங்கள். விரல்களைக் குழாயைச் சுற்றிப் பிடித்தால் குழாய்க்கும் சட்டத்துக்கும் நடுவே நசுங்கும். ஆசனம் முழுவதும் படிந்ததா என்று பார்த்துப் பிரேக்கைப் போடுங்கள்.

பின்னர் எண்ணுங்கள்: நாற்காலி ஒன்று, கால் மிதி இரண்டு, மெத்தை ஒன்று, கைதாங்கி கழன்றால் அதுவும் இரண்டு. கால் மிதி வாடகைக் காரிலேயே போய்விட்டால் புதியது பொருத்தமாகக் கிடைப்பது கடினம். கழற்றிய துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே உரப்பையில் போட்டு, அந்தப் பையை நோயாளியின் மடியில் கொடுத்துவிடுவது நல்ல பழக்கம். ஆசனத்தின் அடியிலும் ஒவ்வொரு கால் மிதியிலும் குடும்பத்தின் தொலைபேசி எண்ணைப் பெயின்டால் எழுதிவையுங்கள். நலன்புரி நிலையங்களில் ஒரே மாதிரியான நாற்காலிகள் பல இருக்கும்.

புதிய நாற்காலி தருகிறார்கள் என்றால்

தானமாகத் தரும் நாற்காலியைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். மடிகிறதா? கால் மிதி கழறுகிறதா? அகலம் ஆளுக்கு அளவானதா? பெரிதாக இருந்தால் வசதி என்று நினைப்பது தவறு. அளவுக்கு மீறிய நாற்காலியில் உடம்பு ஒரு பக்கம் சரியும். லயன் கதவிலும் நுழையாது, காரிலும் ஏறாது.

மடியாத, முன்னால் ஒற்றைச் சில்லுள்ள வகைகளும் உண்டு. கரடுமுரடான நிலத்துக்கு அவை நல்லவை. அத்தகையதை ஏற்கும்முன் அதன் சில்லுகள் கழறுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எது பொருத்தம் என்று வைத்தியசாலையின் பிசியோதெரபி பிரிவில் கேட்கலாம். கண்டி மாவட்டத்தில் திகனவில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. உதவி உபகரணங்களுக்கு விண்ணப்பிக்க உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரை நாடுங்கள்.

இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நாட்டில் உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆபத்து வேளைகளில் இவர்களுடைய பாதுகாப்பை உறுதிசெய்வது அரசின் கடமை என்று அந்த உடன்படிக்கை சொல்கிறது.

மழைக்கு முன்னே

2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்திலும் மண்சரிவுகள் உயிர்களைக் கொண்டுபோயின. மலையில் வாழும் நமக்கு எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடையே கிடைக்கும் நேரம் சில வேளைகளில் மிகக் குறைவு. அந்த நேரத்தில் நாற்காலியை எப்படி மடிப்பது என்று கற்றுக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே இந்த வாரமே இவற்றைச் செய்து முடியுங்கள்.

1. மூன்று முடிச்சுக் கயிற்றைத் தயார்செய்து, நாற்காலியின் முதுகிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். கட்டுவதற்கான டியூப் துண்டும் ஒரு சாக்கும் கூட இருக்கட்டும்.

2. குறுக்குக் குழாயின் நடுப் போல்ட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். துருப்பிடித்த நாற்காலி அவசரத்தில் மடியாது. கால் மிதியின் பூட்டையும் கழற்றிப் பூட்டிப் பாருங்கள்.

3. அயலிலுள்ள இரண்டு வாகனக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி, மழையில்லாத ஒரு பகலில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒருமுறை கண்ட சாரதி மறுமுறை இடமில்லை என்று சொல்லமாட்டார்.

4. வீட்டில் இருவருக்காவது இந்த வேலை தெரிய வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஆண்கள் தோட்டத்திலோ கொழும்பிலோ இருக்கும் நேரத்திலும் மழை பெய்யும்.

5. வெளியேறும் நேரத்தில் யார் ஆளைப் பார்ப்பது, யார் நாற்காலியைப் பார்ப்பது என்று இப்போதே பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். அம்புலன்ஸில் ஆள் மட்டும் போக நேர்ந்தால், நாற்காலியைப் பின்னால் கொண்டுவருவது யார் என்பதையும் முடிவுசெய்யுங்கள்.

6. நாற்காலியில் இருப்பவருக்கே முழு முறையையும் சொல்லிக் கொடுங்கள். தூக்க வருகிறவர்கள் புதியவர்களாக இருக்கலாம். எதைப் பிடிக்க வேண்டும், எதைக் கழற்ற வேண்டும், எது முதலில் என்று அவரே வாயால் சொல்லி வேலை வாங்கட்டும். தன் நாற்காலியை நன்றாக அறிந்தவர் அவர்தான்.